ராணியின் உதட்டில் இருந்த கதை

பாளையங்கோட்டை,
பிப்ரவரி 11

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஸ்டெபிக்கு, அப்பா வேதமுத்து எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். பெர்த்தில் நீயும் கிங்ஸ்லியும் பாப்பாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம்.

இந்தக் காலத்தில் அப்பா ஏன் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறார் என்று உனக்குத் தோன்றும். என் கைபேசியை அம்மாவும் எடுத்துப் பார்ப்பாள். மின்னஞ்சல் பார்க்கும் கணினியோ அவளுடையது. பேசலாம் என்றால், அவள் எதிரே இருக்கும்போது நான் எவ்வளவு தணிந்த குரலில் பேசினாலும் பயனில்லை. என் வாய் அசைவது தெரிந்தால் போதும், முழுவதையும் வாங்கிக்கொள்வாள். பிறவியிலிருந்தே காது கேளாத ஒருத்தியோடு குடித்தனம் செய்பவன் வீட்டில் ரகசியம் பேச முடியாது என்று சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். உனக்குத் தெரியும். அதனால்தான் போன மாதம் நீ அழைத்தபோது போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டேன். பாப்பாவைப் பற்றி நீ சொன்னதை நீ கேட்டுக்கொண்டபடியே எனக்குள் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அதற்குக் கடைசியில் வருகிறேன். அன்று நீ இன்னொன்றும் கேட்டாய், அம்மா தளர்ந்து போயிட்டாங்களா என்று. நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். இந்த நாலைந்து மாதமாக இங்கே நடந்ததை எழுதினால் அதுவே பதிலாக இருக்கும்.

நம் வீட்டில் ஏசி உள்ள ஒரே அறை அம்மாவின் படங்கள் இருக்கும் அறை. சித்திரையில் நான் கூடத்தில் வேர்த்துக் கிடப்பேன். அந்தக் காலத்துப் பிலிம் சுருள்கள் உள்ளே குளுகுளுவென்று உறங்கும். அக்டோபரில் அந்த ஏசி நின்றுவிட்டது. அம்மா பட்ட பாட்டைப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் யாரையோ சேர்த்திருக்கிறோம் என்று நினைப்பார்கள். பழுது பார்க்க வந்தவர் அலி அக்பர், காயல்பட்டினத்துக்காரர். துபாயில் நெடுங்காலம் ஏசி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். உள்ளே வந்தவர் ஏசியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அலமாரியில் அடுக்கியிருந்த தகர டப்பாக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். “சார், இதே மாதிரி டப்பா ஒண்ணு எங்க வீட்டு மச்சுல கெடக்கு. உம்மா அதை யாரையும் தொட விடமாட்டாங்க” என்றார். நான் அதைக் கை ஜாடையில் அம்மாவுக்குச் சொல்லத் திரும்பினேன். அவள் அதற்குள் அவர் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காயல்பட்டினம் போனோம். அலி அக்பரின் தாயார் ஹமீது பீவி வயதானவர், கண்டிப்பானவர். அவருடைய மாமா, அதாவது கணவரின் வாப்பா, கொழும்பில் கூடாரம் போட்டுப் படம் காட்டியவராம். பேசும் படம் வந்ததும் தொழிலை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறார். வரும்போது ஒரே ஒரு டப்பாவை மட்டும் கையோடு கொண்டுவந்திருக்கிறார். அதில் என்ன படம் என்று யாருக்கும் சொல்லவில்லை. “நான் இந்த வூட்டுக்கு வந்த நாள்லேருந்து அது மேல இருக்கு. மாமா அதை உசிரா வச்சிருந்தாங்க. நான் ஒரு தடவையாவது பாக்கணும். பாக்காம அது வாசப்படி தாண்டாது” என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், வாசப்படி தாண்டாமல் அதைப் பார்க்க முடியாது. அந்தக் காலத்துப் பிலிம் வெடிமருந்து மாதிரி. விளக்குச் சூட்டில் ஓட்டினால் பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. மூடியைத் திறந்ததும் அழுகின பழமும் ஸ்பிரிட்டும் கலந்த மாதிரி ஒரு வாடை. மேல் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்பாகக் கட்டிபட்டிருந்தன. நான் நாலடி பின்னால் போய் நின்றேன். அம்மா பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு, உன்னைக் குளிப்பாட்டும்போது காதுமடலைத் துடைப்பாளே, அந்தப் பதத்தில் ஒவ்வொரு சுற்றாகத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே போகப் போகப் பிலிம் நன்றாக இருந்தது. ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பூதக்கண்ணாடியை ஹமீது பீவியின் கையில் கொடுத்தாள்.

அந்த அம்மா வெகுநேரம் கண்ணிலிருந்து கண்ணாடியை எடுக்கவில்லை. தலையில் கிரீடமும் இடுப்பில் வாளுமாக ஒரு பெண் ஆற்றங்கரையில் நிற்கிறாள். “எம்புட்டு அழகா இருக்கா! யாரு இவ?” என்று கேட்டார். உன் அம்மா வாய்திறந்து, அவளுடைய அந்தக் குரலிலேயே, “தெரியாது. என்ட்ட குடுங்க. கண்டுபிடிச்சு வந்து சொல்லுதேன்” என்றாள். ஹமீது பீவிக்கு முதலில் புரியவில்லை. அலி அக்பர் எடுத்துச் சொன்னார். சொன்னபிறகு அந்த அம்மா உன் அம்மாவின் முகத்தையும் கையுறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இவ சொன்னா சொன்னதுதான்னு தோணுது. கொண்டு போவட்டும்” என்றார்.

இந்த மாதிரிப் படங்களின் மேல் அவளுக்கு இவ்வளவு பிரியம் எப்படி வந்தது என்று நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா? நான் கல்யாணமான புதிதில் கேட்டேன். அவள் பள்ளியில் படிக்கும்போது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு விருந்தாளி, பழைய சிரிப்புப் படச் சுருள் ஒன்றைப் போட்டுக் காட்டினாராம். கேட்கிறவர்களும் கேளாதவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்களாம். “எல்லாரும் சிரிச்ச அதே நேரத்துல நானும் சிரிச்சேன்” என்றாள். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. நான் கொட்டகைக்குக் கூட்டிப்போய், வசனத்தைக் கையால் சொல்லிக்காட்டுவேன். எல்லோரும் சிரித்து முடித்தபின் அவள் சிரிப்பாள். அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று அவள் சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது. இவற்றை ஊமைப்படம் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். “அவங்க எல்லாரும் பேசத்தான் செய்யுதாங்க. கேக்காதது உங்களுக்கு” என்பாள்.

படத்தைக் கணினிக்கு மாற்றித்தரும் ஆவணக் காப்பகம் பெங்களூரில் இருக்கிறது. ரயிலிலும் கூரியரிலும் இந்தச் சரக்கை ஏற்றக்கூடாது. அலி அக்பர்தான் வழி கண்டார். தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதிக்கு வைத்திருக்கும் பெரிய தெர்மோகோல் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி, டப்பாவை ஈரம் படாமல் சுற்றி, பக்கத்தில் ஐஸ் பைகளை அடுக்கித் தன் காரிலேயே கிளம்பினார். நாங்களும் கூடப் போனோம். வழியில் டீக்கடையில் நிறுத்தினால் அம்மா இறங்க மாட்டாள். பெட்டியின் மேல் கையை வைத்தபடியே இருந்தாள். சூடு ஏறினால் கையில் தெரியுமாம். கோவில்பட்டி தாண்டும்வரை நான் வேத வசனங்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் தூங்கிவிட்டேன். அவள் தூங்கவேயில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து கணினிப் பிரதி வந்தது. மேல் சுற்றுகள் போனது போனதுதான். மிஞ்சியது கால் மணி நேரம் ஓடும். அதைப் பார்த்த அன்று வீட்டில் சமையல் நடக்கவில்லை. சரித்திரப் படம், மகளே. ஒரு பாளையத்து ராணி. கோட்டை, படை, குதிரை, முற்றுகை எல்லாம் இருக்கிறது. கிரீடம் அட்டை என்று தெரிகிறது, ஒருவனுடைய வாள் வளைகிறது. ஆனால் அந்த ராணி நடந்து வருகிறாளே, அதில் அட்டை ஒன்றும் இல்லை. படகில் ஏறும்போது யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறி, திரும்பிக் கரையை ஒரு பார்வை பார்க்கிறாள். கூட இருந்து பார்த்த எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. இதை எடுத்தவன் கேமராவைத் தண்ணீருக்குள் இறங்கி வைத்திருக்கிறான். ஆற்றின் அலை லென்ஸை நக்குகிற மாதிரி வந்து போகிறது. அந்த வசதியில்லாத காலத்தில் இவ்வளவு துணிச்சலா என்று அம்மா அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

ஆனால் கதை என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவில் எழுத்து வருமே, அந்த அட்டைகள் ஒன்றுகூட இல்லை. இலங்கையில் தமிழ் அட்டையை எடுத்துவிட்டு வேறு பாஷை அட்டை சேர்ப்பார்களாம். எடுத்தவர்கள் திரும்பச் சேர்க்கவில்லை. காப்பகத்து அதிகாரி நல்ல மனிதர். படம் பம்பாயில் எடுத்ததாக இருக்கலாம், பெயர் தெரியாத படங்களின் வரிசையில் வைத்துக்கொள்கிறோம், அனுப்பியதற்கு நன்றி என்று எழுதினார். அம்மா அதைப் படித்துவிட்டு, நான் ஹமீது பீவிக்கு வாக்குக் கொடுத்திருக்கேனே என்று ஜாடை காட்டினாள்.

வருடப் பிறப்பு அன்று உன்னோடு வீடியோவில் பேசினோம் அல்லவா, அதற்கு மறுநாள் தொடங்கினாள். அறைக்குள் போய் உட்கார்ந்தவள் சாப்பிட மட்டும் வெளியே வந்தாள். படத்தை மெதுவாக ஓடவிட்டு உதடுகளைப் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். நான் அதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைத்தேன். தூரத்துக் காட்சிகளில் வாயே தெரியாது. பக்கத்தில் வந்தாலும் பிலிமில் கீறல். போதாததற்கு உதட்டில் ம-வும் ப-வும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அம்மா என்றாலும் அப்பா என்றாலும் வித்தியாசம் தெரியாது. தெரிந்தது பாதி, மீதியை முகத்தைப் பார்த்தும் கதையைப் பார்த்தும் நிரப்ப வேண்டும். ஒரு வரிக்கு ஒரு பகல் போனதுண்டு. தப்பாகப் படித்ததை மறுநாள் அவளே அடித்துவிட்டு மறுபடி உட்காருவாள்.

ஒருநாள் உள்ளேயிருந்து சத்தமாகச் சிரித்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். ராணி வாளைத் தூக்கிப் படைக்கு முன்னால் முழங்குகிறாள். பின்னால் வேலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு வீரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அம்மா எனக்குப் படித்துக் காட்டினாள். ஒருவன், “ஏலே, சோறு வந்துட்டா?” என்கிறான். மற்றவன், “எங்கன வருது, வெயிலு மண்டையப் பொளக்கு. முக்கூடல் வண்டி போயிருச்சுன்னா நடந்துதாம்ல போவணும்” என்கிறான். இது நம் பக்கத்து முக்கூடல், ஸ்டெபி. பம்பாயும் இல்லை, மெட்ராசும் இல்லை. நம் ஆறு. நம் ஆட்கள். ஒரு நூற்றாண்டாக அவர்கள் சோற்றுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

ராணி யார் என்பதும் தெரிந்தது. தோழி ஒருத்தி படம்பிடிப்பதை மறந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ராசம்மாவா ராசப்பாவா என்று உதடு சொல்லாது. கிரீடமும் சேலையும் கட்டியவள் ராசப்பாவாக இருக்கமாட்டாள் என்று அம்மா கண்ணைச் சிமிட்டினாள். ராணி “இந்தா வாறேன்” என்று திரும்புகிறாள். அதுவும் நம் பேச்சுதான்.

நான் பொதுப்பணித் துறையில் ஆற்றோடு கிடந்தவன் என்பதால் இப்போது என் முறை வந்தது. படகு கட்டியிருக்கும் பாறையின் படத்தை எடுத்துக்கொண்டு முக்கூடல் போனோம். கரையோரமாகத் தேடித் தேடி, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்து, கடைசியில் மருதமரங்களுக்குக் கீழே அந்தப் பாறையைக் கண்டோம். எருமை முதுகு மாதிரி நடுவில் ஒரு பள்ளம், படத்தில் உள்ளபடியே. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ராணி நின்ற இடத்தில் நின்றாள். என்னைப் படம் எடுக்கச் சொன்னாள். யார் கையையும் பிடிக்காமல்தான் ஏறினாள்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பியதும் காப்பகத்து அதிகாரி போனிலேயே கூப்பிட்டுவிட்டார். அம்மா எழுதியதை அவள் பெயரோடு அந்தப் படத்துடன் சேர்த்து வைக்கிறார்களாம். அசல் பிலிமையும் காப்பகத்திலேயே வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்றார். அது ஹமீது பீவி தரவேண்டியது. அவர் முதலில் பார்க்க வேண்டும்.

போன சனிக்கிழமை மத்தியானம், தொழுகை முடிந்த நேரத்தில், காயல்பட்டினத்து வீட்டுக் கூடத்தில் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, சுவரில் படம் காட்டினோம். அந்தத் தெருவில் உள்ள பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். படத்தோடு யாராவது கதை சொல்லவேண்டும். ஊமைப்பட நாளில் (அம்மா மன்னிக்கட்டும்) திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாராம். நான் சொல்கிறேன் என்றேன். எனக்குள் ஒரு பயம். அவள் குரல் நமக்குப் பழக்கம், புதியவர்கள் சிரிப்பார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். “இது என் படம். நான் சொல்லுதேன். நீங்க வெளிய இரிங்க, பொம்பளைங்க கூட்டம்” என்றாள்.

அதனால் நானும் அலி அக்பரும் பக்கத்து அறையில், ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் படம் தெரியவில்லை. அவள் குரல் மட்டும்தான் வந்தது. முதலில் உள்ளே சலசலப்பு. ஒரு சின்னப் பெண், “என்ன சொல்றாங்கன்னு வெளங்கலியே” என்றாள். யாரோ சிரித்தார்கள். ஹமீது பீவியின் குரல் கேட்டது: “பைய சும்மா இருங்க. காதக் குடுத்தா வெளங்கும்.” அம்மா நிறுத்தவில்லை. ராணிக்கு ஒரு குரல், மந்திரிக்கு ஒரு குரல் என்று ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொண்டு போனாள். தான் ஒருபோதும் கேட்டிராத குரல்களில் சொன்னாள். வீரர்கள் சோறு கேட்கும் இடம் வந்தது. கூடமே வெடித்துச் சிரித்தது. அலி அக்பர் என் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

முற்றுகைக் காட்சியில் ராணி ஒரு கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மதிலில் நிற்பாள். முகத்தைப் பார்த்தால் நாட்டுக்காகப் புலம்புகிறாள் என்று தோன்றும். உதட்டில் இருப்பது வேறு. குழந்தை வெடிச் சத்தத்துக்கு அழுதிருக்கிறது. அவள் அதனிடம் மெல்ல, “பயப்படாத கண்ணு, சும்மா விளையாட்டு, இந்தா முடிஞ்சிரும்” என்று சொல்லிக்கொண்டே நடிக்கிறாள். அம்மா இதைச் சொன்னபோது நான் கதவோடு இன்னும் ஒட்டி உட்கார்ந்தேன்.

படம் முடிந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். ஹமீது பீவி அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். “மாமா இதை ஏன் கொண்டாந்தாங்கன்னு இப்பந்தான் வெளங்குது. கடல் தாண்டிப் போய் ஊரு பேச்சைப் படத்துல பாத்திருக்காங்க. அவங்களுக்கும் கேட்டிருக்காது, ஆனா தெரிஞ்சிருக்கும்” என்று சொல்லி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ராசம்மாவ பெங்களூரிலயே குளிரா வச்சிக்கிடட்டும். நான் பாத்துட்டேன்” என்றார்.

இதுதான் உன் அம்மா, ஸ்டெபி. தளர்ந்துபோனாளா என்று கேட்டாயே.

பாப்பாவுக்கும் காது கேட்கவில்லை என்று டாக்டர்கள் சொன்னதை அவளிடம் சொன்னால், என்னால்தானே என்று நொறுங்கிப்போவாள் என்று பயப்படுகிறாய். எனக்கும் அதே பயம் இருந்தது, ஒளிப்பானேன். அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்டபிறகு எனக்கு அது போய்விட்டது. நான் சொல்லக்கூடாது மகளே, நீதான் சொல்லவேண்டும். போனைப் பாப்பாவுக்கு நேரே பிடித்துக்கொண்டு, சின்னதில் நீ அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்ன மாதிரி, உன் கையாலேயே சொல். அவளுக்கு வேண்டியது உன்னிடம் இருப்பது போலவே உனக்கு வேண்டியதும் அவளிடம் இருக்கிறது. தாமதிக்காதே.

கிங்ஸ்லிக்கு என் அன்பைச் சொல். பாப்பாவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. உங்கள் மூவரையும் ஆண்டவரின் கையில் ஒப்புவித்து முடிக்கிறேன்.

என்றும் உன் நினைவாக,
அப்பா

*

பாளையங்கோட்டை,
பிப்ரவரி 13

அன்பு மகள் ஸ்டெபிக்கு, அம்மாவின் ஆசீர்வாதம்.

அப்பா உனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. காயல்பட்டினத்தில் நடந்ததைப் பெருமையாக எழுதியிருப்பார். கொஞ்சம் குறைத்துக்கொள். ஒரு வரியை நான் தப்பாகப் படித்திருக்கிறேன் என்று நேற்றுத்தான் தெரிந்தது, திருத்தி அனுப்பவேண்டும்.

நான் எழுதுவது வேறு ஒன்றுக்காக. வருடப் பிறப்பு அன்று வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது நீ நடுவில் சத்தத்தை அணைத்துவிட்டு, கிங்ஸ்லி பக்கம் திரும்பிப் பேசினாய். அப்பா என் பக்கத்தில் இருந்தார், அவருக்குக் கேட்கக்கூடாது என்று அணைத்தாய். எனக்கு எப்போதும் சத்தம் கிடையாதே, ஸ்டெபி. உன் முகம் பாதிதான் தெரிந்தது. அது போதுமாக இருந்தது. “பாப்பாவுக்குக் காது கேக்காதுன்னு அம்மாட்ட எப்படிச் சொல்ல? தன்னாலதான்னு உடைஞ்சிருவாங்க” என்றாய். கிங்ஸ்லி உன் தலையைத் தடவினார். நல்ல பிள்ளை.

அன்று சாயங்காலம் அப்பா கடைக்குப் போனதும் படங்கள் இருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்காக அழுதேன். நீ தனியாக இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறாயே என்று. கொஞ்சம் எனக்காகவும்தான். மறுநாள் எழுந்து அந்தப் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ராணியை நான் படித்து முடித்துவிட்டால் எந்த முகத்தையும் என் பேத்திக்குப் படித்துச் சொல்ல முடியும் என்று எனக்கு ஒரு எண்ணம். அப்பாவுக்கு இது தெரியாது. நான் ஹமீது பீவிக்குக் கொடுத்த வாக்குக்காக உழைக்கிறேன் என்று நினைத்தார். அதுவும் உண்மைதான்.

என்னிடமிருந்து வந்ததா என்றால், வந்திருக்கும். பாப்பாவின் மூக்கும் என் மூக்குதான், போட்டோவில் பார்த்தேன். அதற்கு நீ யாரிடமும் தலைகுனிய வேண்டாம், கிங்ஸ்லி வீட்டாரிடமும் வேண்டாம்.

டாக்டர்கள் ஏதோ கருவி வைக்கலாம் என்று சொல்வார்கள். வைக்கவேண்டும் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்தால் வையுங்கள். நான் வருத்தப்படுவேன் என்று யோசிக்காதே. இசை கேட்கட்டும், மழை கேட்கட்டும், நீ கூப்பிடுவது கேட்கட்டும். ஆனால் கையால் பேசவும் சொல்லிக்கொடு. குளிக்கும்போது கருவியைக் கழற்றுவீர்கள், படுக்கும்போது கழற்றுவீர்கள். அந்த நேரத்தில் அவள் உன்னைப் பார்ப்பாள். அப்போது அவளிடம் சொல்ல உனக்கு ஒரு பாஷை வேண்டும். உனக்கு அது தெரியும். நடக்கப் பழகும் முன்பே நீ அதில் என்னிடம் பால் கேட்டாய்.

அப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீ கூப்பிட்டதும் போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று அவர் படும் பாடு பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. எனக்குத் தெரியும் என்று நீயே அவரிடம் சொல்லிவிடு, பாவம். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், அவருடையதையும் சேர்த்து. வரட்டுமா என்று கேட்கமாட்டேன். வா என்று நீ சொல்லவேண்டும்.

அதுவரை ஒன்று மட்டும் செய். பாப்பாவைத் தூக்கி வைத்துப் பேசும்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே. வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும், அவள் உன்னை நன்றாகப் பார்க்கட்டும். அழுகை வந்தாலும் திரும்பிக்கொள்ளாதே, மகளே. அவளுக்குப் புரியும்.

உன் அம்மா,
ஞானசௌந்தரி